ஒரே உடம்பில் இரண்டு மூன்று நோய்: ரத்தச் சீட்டை எப்படிப் பார்ப்பது?

(எறையூரில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்குப் பார்க்கிறோம். இன்றைக்கு உடம்புக் கணக்கைப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறோம். மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசப் போகிறோம். "ஐயோ, அந்தப் பேச்சே வேண்டாம்" என்று யாரும் எழுந்து போக வேண்டாம். பேசாமல் இருந்தால் அந்த நோய் நம்மை விட்டுவிடப் போவதில்லை.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு கொடுத்திருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்திருக்கிறார்கள். பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இதுதான் முதலிடம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி, 2023இல் வெளியான பெரிய ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைவிட அதிகம்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் வருகிற பெண் பெரும்பாலும் 45, 50, 60 வயதுக்காரர். அந்த வயதில் நம்மில் எத்தனை பேருக்கு சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, தைராய்டு இல்லை, முட்டிவலி இல்லை? அப்படியென்றால் ஒரே உடம்பில் இரண்டு மூன்று நோய் சேர்ந்து இருப்பது புதுமை இல்லை. சர்க்கரை ஆலை இருக்கிற ஊரில் உட்கார்ந்து சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறோமே என்று சிரிக்காதீர்கள். இன்றைய பேச்சில் கரும்பும் வரும்.

உடம்பின் காவல்காரர்கள்

நம் ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளணு என்று இரண்டு வகை உண்டு. வெள்ளணுக்கள்தான் காவல்காரர்கள். அவர்களிலும் பல பிரிவு. இரண்டை மட்டும் இன்றைக்குத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, நியூட்ரோபில். முள் குத்தினாலும், புண் வந்தாலும், கிருமி நுழைந்தாலும் முதலில் ஓடி வருவது இதுதான். ஊரில் தீ பிடித்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுகிறவர்கள் மாதிரி.

இரண்டாவது, லிம்போசைட். இது ஆள் பார்த்து, அடையாளம் தெரிந்து வேலை செய்யும். புற்று அணுவைக் கண்டுபிடித்துத் தாக்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மார்பகக் கட்டிக்கு உள்ளேயே இந்த லிம்போசைட்டுகள் நிறைய நுழைந்திருந்தால், சில வகை மார்பகப் புற்றுநோயில் சிகிச்சை நன்றாகக் கைகொடுக்கிறது என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

சி.பி.சி. என்று சொல்கிற முழு ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நியூட்ரோபில் இத்தனை சதவீதம், லிம்போசைட் இத்தனை சதவீதம் என்று இருக்கும். சாதாரணமாக நியூட்ரோபில் 40 முதல் 75 வரையும், லிம்போசைட் 20 முதல் 40 வரையும் இருக்கும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். 60ஐ 30ஆல் வகுத்தால் 2. 80ஐ 10ஆல் வகுத்தால் 8. தனியாகக் காசு கட்டாமல் கிடைக்கிற எண் என்பதால் உலகம் முழுக்க இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2014இல் 100 ஆய்வுகளை, 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கட்டியாக வருகிற பல வகைப் புற்றுநோய்களில் இந்த விகிதம் அதிகமாக இருந்தவர்களுக்கு, சராசரியாகப் பார்த்தால், ஆயுள் குறைவாக இருந்தது.

இன்னொன்று சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த புரதம் இது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், அதாவது உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தால், கல்லீரல் இதை அதிகமாக உற்பத்தி பண்ணும். ஐ.எல்.6 போன்ற வேறு சில பொருள்களும் ரத்தத்தில் ஏறும். இவற்றையெல்லாம் நோய் எதிர்ப்பின் அடையாளக் குறிகள் என்கிறார்கள்.

கரும்பு சொல்லும் பாடம்

இங்கேதான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அடையாளக் குறி என்பது அடையாளம் மட்டும்தான். அதுவே நோய் ஆகாது.

கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்புகிறவர்களுக்கு இது தெரியும். ஒரே ரகக் கரும்புதான். ஆனால் வெட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். கடைசித் தண்ணீர் எப்போது விட்டீர்கள், எத்தனை மாதத்தில் வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். அளவு குறைந்ததும் "ரகமே மோசம்" என்று சொல்லிவிட முடியுமா? எங்கே, எப்படி, எத்தனை நாள் கிடந்தது என்று கேட்டால்தானே உண்மை தெரியும்?

ரத்தச் சீட்டும் அப்படித்தான். அடுப்படியில் புகை தெரிகிறது. வீட்டில் மூன்று அடுப்பு இருக்கிறது. எந்த அடுப்பு புகைகிறது என்று பார்க்காமல் ஒன்றின் மேல் பழி போட முடியாது. சி.ஆர்.பி. கூடியிருந்தால் புற்றுநோயாலும் இருக்கலாம், சொத்தைப் பல்லாலும் இருக்கலாம், ஆறாத கால் புண்ணாலும் இருக்கலாம்.

எந்த நோய் எந்தக் குறியை மாற்றும்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை கூடிக்கொண்டே இருந்தால் உடம்புக்குள் மெதுவான ஒரு கனல் எப்போதும் இருக்கும். சி.ஆர்.பி., ஐ.எல்.6 இரண்டும் ஏறும். இன்னொரு பக்கம், நியூட்ரோபில்லின் எண்ணிக்கை இருந்தாலும் வேலை செய்யும் திறன் குறைந்துபோகும். ஓடிப்போய்க் கிருமியைப் பிடித்து விழுங்குகிற வேகம் போய்விடும். வருகைப் பதிவேட்டில் 20 பேர் கையெழுத்து இருக்கிறது, வேலை செய்ய 10 பேர்தான் இருக்கிறார்கள் என்கிற கதை. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கீமோ சமயத்தில் கிருமித் தொற்று சீக்கிரம் வருகிறது, ஆபரேஷன் புண் ஆற நாளாகிறது.

2. உடல் பருமன். கொழுப்பு என்பது மூட்டை கட்டி வைத்த சரக்கு மாதிரி சும்மா கிடப்பதில்லை. அளவுக்கு மேல் சேர்ந்தால் கொழுப்பு அணுக்கள் சாகும். அவற்றைச் சுற்றிக் காவல் அணுக்கள் வளையம் கட்டி நிற்கும். மார்பகத்தில் இருக்கிற கொழுப்பிலேயே இப்படி நடக்கிறது. அங்கிருந்து அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது பெரும்பாலும் கொழுப்பிலிருந்துதான். அந்த ஈஸ்ட்ரோஜன் பல மார்பகக் கட்டிகளுக்குத் தீனி. நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார்கள்.

3. ரத்த அழுத்தம். இது வெள்ளணுவைப் பெரிதாக மாற்றாது. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. பிரஷரைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கு அந்த ஆபத்து கூடும். மருந்து தொடங்குமுன் எக்கோ எடுக்கச் சொல்வது இதனால்தான். "மார்பில் கட்டிக்கு இதயத்தை ஏன் பார்க்கிறார்கள்" என்று குழம்ப வேண்டாம்.

4. ரத்தசோகை. நம் பெண்களிடம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இது சர்க்கரைப் பரிசோதனையையே குழப்பும். மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்.பி.ஏ.1சி பரிசோதனை, இரும்புச் சத்துக் குறைவால் வந்த ரத்தசோகையில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்தால் வேறு மாதிரி காட்டலாம். ஆகவே ரத்தம் ஏற்றியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

5. மூட்டுவலியும் கடை மாத்திரையும். இதை அழுத்திச் சொல்கிறோம். களை எடுத்து, பருத்தி எடுத்து, முதுகும் முட்டியும் வலிக்கிறது என்று கடையில் பொட்டலமாக மாத்திரை வாங்கிப் போடுகிறோம். போட்டதும் வலி பறந்துவிடுகிறது, பசி எடுக்கிறது. அப்படிப்பட்ட பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரை கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு நியூட்ரோபில்லை ஏற்றும், லிம்போசைட்டை இறக்கும். அப்போது விகிதம் தானாகவே எகிறும். சர்க்கரையும் ஏறும். மாசக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டரிடம் மறைக்கக் கூடாத விஷயம் இது.

6. காசநோய், மஞ்சள் காமாலை பி வகை, எச்.ஐ.வி. இவை உடம்பில் பதுங்கி இருக்கும். கீமோவாலும் ஸ்டீராய்டாலும் காவல் தளர்ந்தால் எழுந்துவிடலாம். அதனால்தான் சிகிச்சை தொடங்குமுன் இதற்கெல்லாம் சோதனை எடுக்கிறார்கள். "என்னை ஏன் சந்தேகப்படுறாங்க" என்று கோபப்பட வேண்டாம். முன்பு காசநோய் மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

7. முடக்குவாதம், சில வகைத் தைராய்டு நோய். இவற்றில் காவல்காரர்களே சொந்த வீட்டைத் தாக்குகிறார்கள். மார்பகப் புற்றுநோயின் சில வகைகளுக்கு, காவலை முடுக்கிவிடுகிற புது மருந்துகள் வந்திருக்கின்றன. ஏற்கெனவே காவல் தவறிப்போய் வீட்டைத் தாக்குகிறவருக்கு அந்த மருந்து நோயைக் கிளப்பிவிடலாம். முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் யோசித்துக் கொடுப்பார்.

8. பல், ஈறு, கால் புண், பூச்சித் தொல்லை. சின்னதாகத் தெரியும். ஆனால் ரத்தச் சீட்டில் பெரிதாகத் தெரியும். கீமோ தொடங்குமுன் பல்லைக் காட்டிச் சரிசெய்துகொள்வது நல்லது.

ஒரு உதாரணம்

இது யாருடைய கதையும் இல்லை. புரிவதற்காக நாங்களே போட்ட கணக்கு.

52 வயது அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருஷமாகச் சர்க்கரை. முட்டிவலிக்குக் கடை மாத்திரை. மார்பில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சி.பி.சி. எடுத்தால் நியூட்ரோபில் 82, லிம்போசைட் 10. விகிதம் 8க்கு மேல். சி.ஆர்.பி.யும் அதிகம். சீட்டில் பக்கத்திலேயே "அதிகம்" என்று குறி போட்டிருக்கிறது. படித்த பையன் ஒருவன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இந்த எண் இவ்வளவு இருந்தா ரொம்ப நாள் இல்லையாம்" என்கிறான். வீட்டில் அழுகை. "இனி செலவு பண்ணி என்ன ஆகப் போகுது, இருக்கிற வரை நல்லா பாத்துக்குவோம்" என்று பெரியவர்கள் முடிவு பண்ணிவிடுகிறார்கள். அந்த அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் நடந்தது என்ன? கடை மாத்திரையில் இருந்த ஸ்டீராய்டு ஒரு பக்கம். கடைவாய்ப் பல்லில் சீழ் ஒரு பக்கம். சர்க்கரை 320. மூன்றையும் மருத்துவர் பார்த்துச் சரிசெய்த பிறகு திரும்ப எடுத்தால் நியூட்ரோபில் 66, லிம்போசைட் 25. விகிதம் 3க்கும் கீழ். கட்டியோ மார்போடு நிற்கிறது. அறுவை செய்து மருந்து கொடுத்தால் பிழைக்க வழி இருக்கிறது.

ஒரு எண்ணைத் தப்பாகப் படித்ததால் பிழைக்க வேண்டியவரை வீட்டோடு வைத்துவிடுகிறோம். இன்றைய பேச்சே இதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கமும் தப்பு வரும். "அது சர்க்கரையாலதான் ஏறியிருக்கு, ஒண்ணுமில்ல" என்று நாமே முடிவு பண்ணிக் கட்டியை விட்டுவிடக் கூடாது. சீட்டைப் படித்து முடிவு சொல்வது மருத்துவர் வேலை. நம் உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று முழுக்கச் சொல்வது நம் வேலை.

வைத்தியத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? கட்டி எவ்வளவு பெரிது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, வேறெங்காவது பரவியிருக்கிறதா, கட்டியின் சதையை எடுத்துப் பார்த்ததில் ஹார்மோன் ஏற்பி உண்டா, ஹெர்2 என்ற புரதம் உண்டா என்பவற்றை வைத்துத்தான் முக்கியமாகத் தீர்மானிக்கிறார்கள். ரத்த விகிதம் அதற்குத் துணைச் செய்தி மட்டுமே. வங்கி அதிகாரி நம் குழுவைத் தர மதிப்பீடு பண்ணும்போது ஒரு மாதச் சேமிப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதில்லையே! மழை பொய்த்த மாதம் சேமிப்பு குறைந்தால் குழு உடைந்துவிட்டது என்று அர்த்தமா?

நம்மிடம் உலவும் சில தவறான பேச்சுகள்

"புற்றுநோய் வந்தாச்சு, இனி சர்க்கரை மாத்திரை எதுக்கு?" இது தவறு. இரண்டு நோய்க்கும் சேர்த்துத்தான் வைத்தியம். கீமோவுக்கு முன் குமட்டலும் ஒவ்வாமையும் வராமல் இருக்கக் கொடுக்கிற டெக்ஸா என்ற ஸ்டீராய்டே சர்க்கரையை ஏற்றும். அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

"சர்க்கரை மாத்திரை புற்றுநோயையும் கொல்லுமாம், எல்லாரும் வாங்கிப் போடலாம்." இதுவும் தவறு. மெட்ஃபார்மின் என்ற மாத்திரையை, சர்க்கரை நோய் இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பல நாடுகளில் 3,600க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். 2022இல் முடிவு வந்தது. நோய் திரும்ப வருவதை அது குறைக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரைக்காக அது நல்ல மாத்திரை. அவ்வளவுதான்.

"ரத்தத்திலேயே புற்றுநோயைக் கண்டுபிடிச்சிடலாம், முகாம்ல மூவாயிரம் ரூபாய்க்கு டெஸ்ட் எடுக்கிறாங்க." ஏமாற வேண்டாம். சி.ஏ.15-3 போன்ற ரத்தக் குறிகள் ஏற்கெனவே நோய் உறுதியானவர்களை, முக்கியமாக நோய் பரவியவர்களைக் கண்காணிக்கத்தான். கட்டி இல்லாதவருக்கு நோய் கண்டுபிடிக்க அல்ல. கல்லீரல் நோய் இருந்தாலும் அந்த எண் ஏறும்.

"சோறு சாப்பிட்டா கட்டி வளரும், பட்டினி போடு." இது பெரிய கொடுமை. சாப்பாடு குறைந்தால் முதலில் கரைவது நம் சதையும் காவல்காரர்களும்தான். கம்பு, சோளம், பயறு, முருங்கைக்கீரை, முட்டை, மோர் என்று வீட்டில் இருப்பதைப் பிரித்துப் பிரித்துச் சாப்பிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் சோற்றைக் குறைத்துப் பயறையும் காய்கறியையும் கூட்ட வேண்டும்.

சிகிச்சையில் இருக்கிற அக்காவுக்குக் கவனிக்க வேண்டியவை

* கீமோ போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளணு மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம். வீட்டில் காய்ச்சல் மாத்திரை போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவருக்குச் சில சமயம் காய்ச்சல் தெரியாமலே குளிரும், தள்ளாட்டமும் மட்டும் வரும். அதுவும் அவசரம்தான். 108க்கு அழையுங்கள். "கீமோவில் இருக்கிறார், சர்க்கரையும் உண்டு" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

* வாந்தியால் சாப்பிட முடியவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை அல்லது இன்சுலினை வழக்கம்போல் போட்டுவிட்டார். சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டுதல் வந்தால், நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாப்பிட முடியாத நாளில் மாத்திரையை எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

* வெள்ளணு ஏறுவதற்காக ஊசி போடுவார்கள். அதற்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் எண் எகிறியிருக்கும். பயப்பட வேண்டாம்.

* அக்குளில் நெறி எடுத்த பக்கத்துக் கையைப் பத்திரமாகப் பார்க்க வேண்டும். கரும்புத் தோகை கிழித்தாலும், பருத்திக் காய் கீறினாலும், உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிவந்து வீங்கினால் காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் அந்தச் சின்னக் கீறலே பெரிய தொற்றாகிவிடும்.

நோய்க் கணக்கு நோட்டு

நம்மிடம் தீர்மான நோட்டு இருக்கிறது, சேமிப்புப் புத்தகம் இருக்கிறது. இனி ஒவ்வொரு உறுப்பினரும் 40 பக்க நோட்டு ஒன்றில் நோய்க் கணக்கு எழுதுவோம். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநரோ, பள்ளி போகிற மகளோ எழுதிக் கொடுக்கட்டும். என்ன எழுதுவது?

ஒன்று, எந்தெந்த நோய், எந்த வருஷத்திலிருந்து. இரண்டு, இப்போது போடுகிற மாத்திரைகள். பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையை ஒட்டி வையுங்கள். கடை மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எல்லாமே சேர்த்துத்தான். மூன்று, ரத்தம் எடுத்த தேதி, அன்றைக்குக் காய்ச்சல், புண், பல்வலி, சளி இருந்ததா. நான்கு, ரத்தம் ஏற்றியது, ஊசி போட்டது. ஐந்து, எதைச் சாப்பிட்டால், எந்த ஊசி போட்டால் ஒத்துக்காது.

பெரம்பலூரோ, திருச்சியோ, சென்னையோ, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். இது இருந்தால் மருத்துவருக்கு எந்த அடுப்பு புகைகிறது என்று சீக்கிரம் தெரியும்.

பெண்கள் சேர்ந்தால் என்ன நடக்கும்?

"இதெல்லாம் டாக்டருங்க விஷயம், நாம என்ன பண்ண முடியும்" என்று யாராவது நினைத்தால், மூன்று செய்திகள் சொல்கிறோம்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மாதர் சங்கத்தின் துணையோடு ஊர் ஊராக நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. பெண்கள் சங்கம் விதை போட்ட ஆஸ்பத்திரி.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரை 1,50,000க்கும் மேற்பட்ட பெண்கள். அவர்களில் ஒரு பாதிக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மார்பகத்தைக் கையால் சோதித்துப் பார்த்தவர்கள் பெரிய டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்கள்தான். 20 வருஷம் கழித்து, 2021இல் முடிவு வந்தது. நோயை முந்திய நிலையிலேயே கண்டுபிடித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது.

மூன்றாவது நம்முடைய செய்தி. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர்கள் யார்? நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள்தான். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கிற பெண், ஒருவேளை மார்பகப் புற்றுநோய் வந்தாலும், வைத்தியத்தைத் தாங்குகிற உடம்போடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். வீடு வீடாகப் போகிற நம் பெண்ணின் பை அந்த வகையில் புற்றுநோய்க்கும் வைத்தியம் பார்க்கிறது.

குழுக்கள் எடுக்க வேண்டிய தீர்மானங்கள்

எல்லாக் குழுவும் அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதக் கேட்டுக்கொள்கிறோம்.

1. 30 வயது தாண்டிய ஒவ்வொரு உறுப்பினரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர், வாய், மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்வது. ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து போனால் கூச்சம் இருக்காது.

2. மார்பில் கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் நெறி, இதில் எது தெரிந்தாலும் அறுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளாமல் அந்த வாரமே காட்டுவது. வலி இல்லாத கட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

3. ஒவ்வொருவரும் நோய்க் கணக்கு நோட்டு வைப்பது.

4. மருத்துவச் செலவுக்கான உள்கடனை முன்னுரிமையில் கொடுப்பது. வைத்தியமே காப்பீட்டில் நடந்தாலும் பஸ் செலவும், கூட இருப்பவர் கூலி போவதும் நம்மைத் தடுத்துவிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் உடனே வாங்கி வைப்பது.

5. சிகிச்சையில் இருக்கிற உறுப்பினரின் தவணையை எப்படி மாற்றி வைப்பது என்று குழுவே கூடிப் பேசுவது. தவணைக்குப் பயந்து கீமோ தேதியை யாரும் தள்ளக் கூடாது.

6. சிகிச்சையை நிறுத்துவது பற்றி வீட்டில் பேச்சு வந்தால், குழுவிலிருந்து இரண்டு பேர் போய் "டாக்டர் என்ன சொன்னார், அக்கா என்ன சொல்றாங்க" என்று இரண்டு கேள்வி கேட்பது. சீட்டில் இருக்கிற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க விடக் கூடாது.

சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்கு அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

கணக்கு எழுதத் தெரியாது என்று சொல்லப்பட்ட நாம்தான் இன்று லட்சக்கணக்கில் வங்கியோடு கணக்கு வைத்திருக்கிறோம். உடம்புக் கணக்கையும் நம்மால் எழுத முடியும், படிக்க முடியும், தெரியாததைக் கேட்க முடியும்.



சுகாதாரக் குழுவினர்